கடைசி சீட்டுக்கு மேலே ஒரு பட்டன்

ஆர்டிஸ் ஆஸ்ட்ராண்டர் காகிதப் பையை வெர்லினின் வேலை மேசைமேல் கவிழ்த்தாள். ஓர் இரும்புக் கொண்டியும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும், நாலு நீள ஸ்க்ரூவும் வந்து விழுந்தன.

"இத எங்க பஸ் கதவுல மாட்டிக் குடு," என்றாள். "வெளிப்பக்கமா."

வெர்லின் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதலில் பூட்டைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். எழுபத்திரண்டு வயதுக்காரி. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டியிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை.

"ஆள உள்ள வச்சு வெளியில பூட்டற எதையும் நான் மாட்டறதில்லையே ஆர்டிஸ். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அந்தப் பாலைவனத்தில் அது தெரியாதவர்கள் யாரும் இல்லை. குவார்ட்சைட் ஊருக்குத் தெற்கே அந்த வெட்டவெளியில் நவம்பர் முதல் மார்ச் வரை நாற்பது, ஐம்பது பஸ்கள் நிற்கும். எல்லாம் ஓடி ஓய்ந்த பஸ்கள். சீட்டைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, வீடாக்கிக்கொண்டவர்கள். எல்லா வேலையையும் அவரவரே செய்துகொள்வார்கள். கதவு என்று வந்தால் மட்டும் வெர்லின் ஹப்காவிடம்தான் வந்து நிற்பார்கள். பஸ்ஸைச் செய்தவன் அதில் ஒரு குடும்பம் தூங்கும் என்று நினைத்தா செய்தான்? டிப்போவில் நிற்கிற வண்டிக்குப் பூட்டு எதற்கு என்று விட்டுவிட்டான். அதனால் இவர்களுடைய கதவு ஒன்று காற்றுக்கே திறந்துகொள்ளும், இல்லையென்றால் கடப்பாறை போட்டாலும் திறக்காது.

வெர்லின் போடுகிற எந்தத் தாழ்ப்பாளுக்கும் ஒரே சட்டம். உள்ளேயிருந்து ஒரு கை, ஒரே அசைவு, சாவியே கூடாது. வேலை முடிந்ததும் வண்டிக்காரரின் கண்ணை ஒரு துணியால் கட்டி, நடுவண்டியில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "தீப்பிடிச்சிருச்சு, வெளிய வா!" என்று கத்துவான். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து கைதட்டுவார்கள், கிண்டலடிப்பார்கள். அந்தப் பரீட்சையில் தேறாத தாழ்ப்பாளை அங்கேயே கழற்றிவிடுவான். போன மாசம்கூடப் பக்கத்து பஸ்காரன் டாய்ல் கண்ணைக் கட்டிக்கொண்டு கதவென்று நினைத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, பீர் பாட்டிலோடு நின்றான். அந்தத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

"அவரு மறுபடியும் எறங்கிப் போனாரா?" என்று கேட்டான் வெர்லின்.

"நேத்து. டாய்ல் சொல்லலியா உங்கிட்ட?"

டாய்ல் சொல்லியிருந்தான். ஆர்டிஸின் கணவர் டுவெய்ன், எழுபத்து நாலு வயது, அயோவாவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினவர். வீட்டுச் செருப்போடு ஒன்றரை மைல் நடந்து போய் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருக்கிறார். சும்மா நிற்கவில்லை. லாரிகளைப் பார்த்துக் கையை நீட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். "பசங்க ரோட்டக் கடக்கறாங்கடா, கண்ணு தெரியல?" என்று ஒரு லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் டாய்ல் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். அங்கே எந்தப் பசங்களும் இல்லை. கள்ளிச்செடிதான் இருந்தது.

"ஹெய்டி சொல்லிட்டா," என்றாள் ஆர்டிஸ். ஹெய்டி அவர்களுடைய மகள். "இன்னொரு தடவ இப்பிடி நடந்தா அவர அயோவாவுல கொண்டுபோய் ஒரு ஹோம்ல சேத்துருவாளாம். எடம்கூடப் பாத்து வச்சிட்டா. நான் கூடத் தங்க முடியாது, விசிட்டிங் நேரத்துல போய்ப் பாக்கலாம். ஐம்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டு விசிட்டிங் நேரமாம்! ஞாயித்துக்கெழம வரா. அதுக்குள்ள இவரு எறங்கிப் போகாதபடி நீ ஏதாவது பண்ணணும்."

"அவரு எப்பப் போறாரு?"

"ரெண்டு வேள. காலையில அஞ்சு மணிக்கு, மத்தியானம் ரெண்டேகாலுக்கு. பள்ளிக்கூட டூட்டி நேரம். ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு, என் பேரு பாதி நாள் ஞாபகம் இல்ல. ரெண்டேகால் மட்டும் மறக்க மாட்டேங்குது." அவள் காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினாள். "இதக் கழட்டி வச்சா எனக்கு இடி விழுந்தாக் கேக்காது. அதனால கழட்டறதில்ல. கழட்டாம எனக்குத் தூக்கம் வராது. பதினோரு நாளா இப்பிடித்தான் வெர்லின்."

வெர்லின் பூட்டை எடுத்துப் பையிலேயே போட்டான்.

"வேற வழி பாக்கறேன். இது வேணாம்."

"நல்லாப் பாத்த போ," என்றாள் ஆர்டிஸ். பையை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

அன்றைக்கே வெர்லின் கருவிப்பெட்டியோடு அவர்கள் பஸ்ஸுக்குப் போனான். டுவெய்ன் முப்பத்தொரு வருஷத்தில் கடைசியாக ஓட்டிய அதே பஸ். பள்ளிக்கூடக்காரர்கள் ஏலம் விட்டபோது எடுத்து, மஞ்சள்மேல் வெளிர்பச்சை அடித்து, தன் கையாலேயே வீடாக்கினார். முன்பக்கத்து மடிப்புக் கதவை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஒரு நல்ல தாழ்ப்பாளும் செய்திருந்தார். வெர்லின் எத்தனையோ தாழ்ப்பாள் பார்த்தவன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மனுஷன் வேலக்காரன்யா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அதுதான் தலைவலியாகப் போயிற்று. வெர்லின் கதவின் உச்சியில், கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தான். டுவெய்ன் கடலை மென்றுகொண்டே வேடிக்கை பார்த்தார். வெர்லின் ஏணியிலிருந்து இறங்கியதும் அவர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, திறந்தார். சரி என்று வெர்லின் திரைச்சீலைக்குப் பின்னால் மறைத்து வைத்தான். கண் பார்க்காமலே கை தடவிக் கண்டுபிடித்தது. அழுத்திக்கொண்டே திருப்புகிற மாதிரி இரட்டை வேலைத் தாழ்ப்பாள் ஒன்றைப் பாதி நாள் உட்கார்ந்து செய்து போட்டான். டுவெய்ன் அதை ஒரே மூச்சில் திறந்துவிட்டு, குனிந்து உற்றுப் பார்த்தார்.

"தம்பி, தாழ்ப்பாள் நாக்கு ரெண்டு நூல் தள்ளி உக்காந்திருக்கு. மழைக்குப் பிடிச்சுக்கும். கொஞ்சம் ராவி விடு."

"சரிங்க டுவெய்ன்," என்றான் வெர்லின்.

"நீ யாரு, புது மெக்கானிக்கா?"

"ஆமாங்க."

"போகப்போகப் பழகிரும்," என்று முதுகில் தட்டினார்.

இதைவிடக் கேவலம், அந்த இரட்டைத் தாழ்ப்பாளை ஆர்டிஸின் கண்ணைக் கட்டித் திறக்கச் சொன்னபோது அவளால் முடியவேயில்லை. கதவைக் குத்தினாள், உதைத்தாள், கடைசியில் கெட்ட வார்த்தை சொன்னாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டாய்ல் சிரிக்கவில்லை. "வெர்லின், அவர நிறுத்தற தாழ்ப்பாள் இந்தம்மாவக் கொன்னுரும்டா. இந்தம்மா திறக்கற தாழ்ப்பாள அவரு தூக்கத்துலயே திறப்பாரு," என்றான். உள்ளதைத்தான் சொன்னான். வெர்லினுக்குக் கோபம் அவன்மேல்தான் வந்தது.

"நீ வாய மூடிக்கிட்டுப் போய் உன் குளிர்பெட்டியத் திற."

மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வெர்லின் புதிதாக ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு அவர்கள் பஸ் பக்கம் போனான். தூரத்திலேயே டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. சீராக, அவசரமில்லாமல், யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். ஆர்டிஸின் சின்னக் காரைக் காணோம். கிட்டே போனால், மடிப்புக் கதவின் இரண்டு கைப்பிடியையும் சேர்த்து முறுக்குக் கம்பியால் ஏழெட்டுச் சுற்றுக் கட்டியிருந்தது. அந்தக் கொண்டியை மாட்டத் தெரியாமல் இப்படிக் கட்டிவிட்டுத் துணி துவைக்க ஊருக்குள் போயிருக்கிறாள்.

ஜன்னல் இடுக்கில் புகை வந்தது.

வெர்லினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. கம்பி வெட்டுகிற குறடு கருவிப்பெட்டியின் அடியில் கிடந்தது. பெட்டியையே மண்ணில் கொட்டி அதை எடுத்தான். கம்பியை வெட்டிக் கதவைத் தள்ளினால், படிக்கட்டில் டுவெய்ன் தொப்பி போட்டு நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. புகையா அழுகையா தெரியவில்லை.

"தம்பி, கதவு பிடிச்சுக்கிச்சு," என்றார் மரியாதையாக. "உள்ள பிள்ளைங்க இருக்கு. மொதல்ல அவங்கள எறக்கு."

வெர்லின் அவரை இறக்கிவிட்டு உள்ளே பாய்ந்தான். அடுப்பில் காப்பிப் பாத்திரம் நீர் வற்றிக் கருகி, பக்கத்தில் தொங்கிய கைத்துணியின் ஓரம் பற்றியிருந்தது. அடுப்பை அணைத்து, துணியைத் தொட்டியில் போட்டு, ஜன்னலையெல்லாம் திறந்தான். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அது முடிந்தபிறகு படிக்கட்டில் உட்கார்ந்தவனால் முக்கால் மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

ஆர்டிஸ் துணிக்கூடையோடு வந்து இறங்கியதும் வெட்டிய கம்பியை எடுத்து அவள் காலடியில் போட்டான்.

"ஏழு வருஷத்துக்கு முன்னால ஓரிகன்ல மார்வான்னு ஒரு அம்மாவுக்கு நான் ஒரு பூட்டு போட்டேன்," என்றான். "திருட்டுப் பயம்னு சொன்னாங்க. உள்ளயும் சாவி, வெளியவும் சாவி. கேட்டாங்க, போட்டேன். அடுப்பு பத்திக்கிச்சு. புகையில சாவியத் தேடியிருக்காங்க ஆர்டிஸ். ஜன்னல ஒடைச்சு வெளிய வந்தாங்க. உயிரோட இருக்காங்க. ரெண்டு கையாலயும் ஒரு ஸ்பூன் பிடிக்க முடியாது. நான் போட்ட பூட்டு. அதுக்கப்புறந்தான் இந்தக் கண்ணக் கட்டற வெளையாட்டெல்லாம். அது எனக்கு வெளையாட்டு இல்ல."

ஆர்டிஸ் கூடையைக் கீழே வைத்தாள். கருகின வாசனை அவள் மூக்கில் ஏறியது. படிக்கட்டையும், அங்கே தொப்பியோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கணவரையும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெர்லினுக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது, கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவன் எழுந்து வேலை பார்க்கப் போனான்.

பின்பக்கத்து அவசரக் கதவு. அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கட்டில் அந்தக் கதவை ஒட்டிக் கிடந்தது, கதவுக்கு முன்னால் குளிர்கால உடுப்புப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டான். கைப்பிடி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஆட்டியதும் தூக்க வந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இரண்டு வயர் முனைகள் டேப் சுற்றித் தொங்கின.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பஸ்ஸை வீடாக்குகிற எவனும் முதல் நாள் முதல் வேலையாக வெட்டுவது அந்த பஸ்ஸர் வயரைத்தான். அவசரக் கதவின் கைப்பிடியை யார் தொட்டாலும் டிரைவர் காதுக்குப் பக்கத்தில் அது ஊளையிடும். ஊளை என்றால் சாதாரண ஊளை இல்லை, பல் கூசும். டுவெய்னும் வெட்டியிருந்தார். ஆனால் வேலைக்காரன் இல்லையா, வெட்டிய முனைகளை ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார். ஆர்டிஸ் தூங்கும்போது யாராவது பின்கதவைத் தொட்டால் தெரியட்டுமே என்று வெர்லின் டேப்பை உரித்து இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்தான்.

பஸ்ஸர் அலறியது.

முன்னால் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்த டுவெய்ன் எழுந்தார். தோலைக் கவனமாகச் சட்டைப் பையில் போட்டார். பஸ்ஸின் நடுவே நடக்கத் தொடங்கினார். வெர்லினைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் குனிந்து பார்த்தார், வலப்பக்கம் குனிந்து பார்த்தார், ஓரடி வைத்தார், மறுபடி இடம், வலம். இடப்பக்கம் சோபா, வலப்பக்கம் அடுப்பு மேடை. அவர் கை மட்டும் அங்கே இல்லாத சீட்டுகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தது. கட்டில்வரை வந்ததும் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். நிமிர்ந்து, பின்சுவரில் தலை உயரத்தில் எதையோ தேடினார்.

"பட்டன் எங்க?" என்றார். "பட்டன யாரு எடுத்தது?"

வெர்லின் வயரைப் பிரித்தான். சத்தம் நின்றது. படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன பட்டன் ஆர்டிஸ்?"

"பிள்ளைங்கள எண்ற பட்டன். ஒரு குளிர்காலத்துல வேற ஒரு டிரைவர் ஒரு பொடியனப் பின் சீட்டுல தூங்க விட்டுட்டு வண்டியப் பூட்டிட்டுப் போயிட்டான். நல்லவேள, பொழச்சிக்கிச்சு. அதுக்கப்புறம் எல்லா வண்டிலயும் மாட்டிட்டாங்க. எஞ்சின நிறுத்தினா பஸ்ஸர் கத்தும். டிரைவர் கடைசி சீட்டுவரைக்கும் நடந்து போய், எல்லாரும் எறங்கிட்டாங்களான்னு பாத்துட்டு, அங்க இருக்கற பட்டன அமுத்தினாத்தான் நிக்கும். மத்தவங்கல்லாம் ஓடிப்போய் அமுத்திட்டு ஓடி வந்துருவாங்க. இவரு ஒவ்வொரு சீட்டா குனிஞ்சு பாப்பாரு. சோறு ஆறிப்போகும்."

வெர்லினின் முகத்தில் பதினோரு நாள் தூங்காதவனுக்குத் தூக்கம் வந்த மாதிரி ஒரு தெளிவு வந்தது.

அவன் தன் பஸ்ஸுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தகர டப்பாவை இழுத்தான். இவர்கள் எல்லோரும் தங்கள் பஸ்களிலிருந்து பிடுங்கிய குப்பைகளையெல்லாம் வெர்லினிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். பஸ்ஸர், ஸ்விட்ச், கைப்பிடி, விளக்கு மூடி. அந்த டப்பாவில் அதே மாதிரி சிவப்பு பட்டன் ஐந்து கிடந்தது. நல்லதாக ஒன்றைப் பொறுக்கினான்.

வியாழக்கிழமை முழுக்க வேலை. முன்கதவில் இருந்த தன் கோமாளித் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, டுவெய்ன் செய்த பழைய தாழ்ப்பாளையே திரும்ப மாட்டினான். ஒரு கை, ஒரே அசைவு. அதன் நாக்குக்குக் கீழே ஒரு சின்ன ஸ்விட்ச். நாக்கு நகர்ந்தால் பஸ்ஸர் கத்தும். கத்துவதை நிறுத்த ஒரே வழி, வண்டியின் கடைசியில், கட்டிலின் தலைமாட்டில், டுவெய்னின் கை தேடிய அதே உயரத்தில் இருக்கிற சிவப்பு பட்டன்.

டாய்ல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"எல்லாம் சரிடா. ஆனா இந்தம்மா காதுல இருக்கறதக் கழட்டிட்டாச் செவிடு. அலாரம் அடிச்சா யாருக்குக் கேக்கும்?"

"அவங்களுக்குக் கேக்க வேணாம்," என்றான் வெர்லின். "அவருக்குக் கேட்டாப் போதும்."

"அது கத்தினா கத்தட்டும்னு அவரு எறங்கிப் போயிட்டா?"

அதுதான் வெர்லினுக்கும் பயம்.

வெள்ளிக்கிழமை ரெண்டேகாலுக்கு டுவெய்ன் தாழ்ப்பாளைத் தள்ளினார், பஸ்ஸர் அலறியது, ஒரு கணம் நின்றார், திரும்பி நடந்தார், சீட்டுகளைப் பார்த்தார், பட்டனை அமுக்கினார். அமுக்கியதும் அவருக்கு டூட்டி முடிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சாப்பாடு என்ன?" என்றார். ஆர்டிஸ் வெர்லினைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் கூச்சத்தில் ஸ்க்ரூ டிரைவரை நழுவவிட்டான்.

சனிக்கிழமை காலை வழக்கமான பரீட்சை. நாற்காலிகள் வந்தன. ஆர்டிஸின் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டு வெர்லின் கத்தினான். அவள் மூன்றே எட்டில் வந்து கதவைத் திறந்து மண்ணில் குதித்தாள். பஸ்ஸர் அலற, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு விசிலடித்தார்கள்.

ஆனால் அன்று மத்தியானம் டுவெய்ன் இறங்கிப் போய்விட்டார்.

பஸ்ஸர் அலறியபோது திரும்பி நடக்கத்தான் செய்தார். ஆர்டிஸ் துணி மாற்றுவதற்காகக் கட்டிலுக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டிருந்தாள். டுவெய்ன் திரைவரை வந்தார். அவர் கணக்கில் வண்டி அங்கேயே முடிந்துவிட்டது. பட்டனைத் தேடினார், காணோம். "இன்னைக்கு வேற வண்டி குடுத்துட்டாங்க போல," என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி, அலறலோடு அலறலாகப் படியிறங்கி நடந்துவிட்டார். ஆர்டிஸ் பாதிச் சட்டையோடு ஜன்னலில் கத்த, டாய்ல் ஓடிப்போய்ப் புதருக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"திரைய எடுத்துருங்க," என்றான் வெர்லின். "கம்பியோட எடுத்துருங்க."

"நான் எங்க துணி மாத்தறது?"

"குளியலறையில மாத்துங்க. அவருக்கு முன்வாசல்லயிருந்து கடைசி சீட்டு தெரியணும்."

ஆர்டிஸ் திரையைத் தானே பிடுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஹெய்டி வாடகைக் காரில் வந்து இறங்கினாள். நாற்பத்தைந்து வயசு, கையில் ஒரு கோப்பு. அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளை யாரென்று தெரியாமலே நன்றாக விசாரித்தார். வெர்லின் தாழ்ப்பாளைக் காட்டினான், பட்டனைக் காட்டினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நேத்து எறங்கிட்டாராமே," என்றாள்.

யார் சொன்னது என்று வெர்லின் திரும்பிப் பார்த்தான். ஆர்டிஸ்தான் தலை குனிந்து நின்றாள். பொய் சொல்ல வராத பெண்.

"எனக்கு இதுல நம்பிக்க இல்ல," என்றாள் ஹெய்டி. "கோச்சுக்காதீங்க வெர்லின். நீங்க எவ்வளவு செஞ்சீங்கன்னு அம்மா சொன்னாங்க. ஆனா ஒரு பட்டன நம்பி எங்கப்பாவ ஹைவே பக்கத்துல விட்டுட்டு நான் எப்பிடித் தூங்கறது? அம்மா, நெஜமா நீ எப்பிடி இருப்பியோ அப்பிடி இரு. காதுல இருக்கறதக் கழட்டு. படு. நாங்க யாரும் உள்ள இருக்க மாட்டோம். பாக்கறேன். அவரு கீழ கால வச்சா இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆர்டிஸ் காதுக் கருவியைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்தாள். சும்மா கண்ணை மூடிப் படுக்கலாம் என்றுதான் படுத்தாள். ஆனால் பதினாறு நாள் தூக்கம் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

வெர்லினும் ஹெய்டியும் டாய்லும் பக்கத்து பஸ்ஸின் நிழலில் மறைந்து நின்றார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. ரெண்டு பத்துக்கு டுவெய்ன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டு, கண்ணாடியில் சரிசெய்தார். கதவுக்கு வந்தார். தாழ்ப்பாளைத் தள்ளினார்.

பஸ்ஸர் அலறியது.

கதவு மடங்கித் திறந்தது. டுவெய்ன் முதல் படியில் காலை வைத்தார், இரண்டாவது படியிலும் வைத்தார். அடுத்தது மண். ஹெய்டி வெர்லினின் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. டுவெய்ன் வெளியே பாலைவனத்தைப் பார்த்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வெர்லின் தான் போட்ட ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மனசுக்குள் நினைத்துப் பார்த்தான். பட்டன் சரியான உயரமா, ஸ்விட்ச் சரியாக ஒட்டியிருக்கிறதா. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இனி அவன் செய்ய ஒன்றுமில்லை.

டுவெய்ன் காலைத் திரும்ப மேல்படியில் எடுத்து வைத்தார். திரும்பினார்.

ஜன்னல் ஜன்னலாக அவருடைய தொப்பி நகர்வது தெரிந்தது. குனிந்தது, நிமிர்ந்தது. இடம், வலம். அலறல் நிற்கவில்லை, அவரும் அவசரப்படவில்லை. ஹெய்டி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "சின்ன வயசுல நானும் அப்பா பஸ்ஸுலதான் போவேன்," என்றாள் யாரையும் பார்க்காமல். "எல்லாரும் எறங்கினப்புறம் நான் மட்டும் இருப்பேன். அப்பவும் எல்லா சீட்டையும் பாப்பாரு."

தொப்பி கடைசி ஜன்னலில் வந்து நின்றது. பட்டனுக்குக் கை போகவில்லை.

"அய்யய்யோ," என்று டுவெய்னின் குரல் அலறலுக்கு மேலே கேட்டது. "ஒண்ணு இருக்கே! பாப்பா, ஏ பாப்பா! எந்திரிம்மா!"

ஆர்டிஸ் விழித்தாள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தன் தோளைப் பிடித்து உலுக்குகிற புருஷனின் முகம் மட்டும் தெரிந்தது. எட்டு வருஷமாக உதடு பார்த்துப் பேசிப் பழகியவள், உதட்டையே பார்த்தாள்.

"தூங்கிட்டியா? பரவால்ல, பரவால்ல, அழாத," என்றார் டுவெய்ன். கையை மேலே நீட்டிப் பட்டனை அமுக்கினார். பாலைவனம் முழுக்க அமைதியானது. அந்த அமைதியில் அவர் கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தது கேட்டது.

"உன்ன விட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சியா? முப்பத்தொரு வருஷத்துல ஒரு பிள்ளையக்கூட நான் விட்டுட்டுப் போனதில்ல. தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ஆர்டிஸ். காது கேட்காதவர்களின் பெரிய குரலில் சொன்னாள். "எனக்குத் தெரியும் டுவெய்ன்."

டாய்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். வெர்லின் கீழே கிடந்த ஒரு ஸ்க்ரூவைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். ஹெய்டி கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள்.

"அந்த பட்டனுக்கு பேட்டரி எத்தன நாளு வரும்?" என்று கேட்டாள்.

"தனி பேட்டரி இல்ல. பஸ் பேட்டரியிலயே ஓடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நான் வந்து பாத்துருவேன்."

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாருங்க," என்றாள் ஹெய்டி.